உள்ளே ஆள் இருப்பது தெரியாத வண்டி

அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்து உட்காருங்கள். உங்கள் பையை வேண்டுமானால் என் மடியில் வைத்துக்கொள்கிறேன். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் என் முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். யாருக்குத் தெரியக் கூடாது என்று பிறகு சொல்கிறேன். பயப்படாதீர்கள், காதல் விவகாரமும் இல்லை, போலீஸ் விவகாரமும் இல்லை. நீங்கள் மருதமலைக்கு டிக்கெட் எடுத்ததைப் பார்த்தேன். நானும் அங்கேதான். நல்லதாகப் போயிற்று, முழுக்கச் சொல்லி முடித்துவிடலாம்.

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இல்லையா, கொடுத்து வைத்தவர். நாளைக்கே வாங்கினாலும் தனியாக ஒரு அலாரம் வாங்கி அதில் மாட்டிவிடாதீர்கள். கம்பெனியிலேயே பொருத்தி வருவதைச் சொல்லவில்லை. காந்திபுரத்தில் சீட் கவர், மேட், ஹாரன் விற்கிற கடைகளில் அட்டையில் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அதைச் சொல்கிறேன். ஒரு ரிமோட், ஒரு சைரன், சோப்பு டப்பா மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு கொத்து ஒயர். இவ்வளவும் சேர்ந்து எங்கள் வீட்டு மானத்தைக் கப்பலேற்றிவிட்டன.

என் பெயர் இளவேனில். எம்.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். இந்த பஸ் எங்கள் பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் போகும், அப்போது காட்டுகிறேன். பட்டிமன்றம் பேசுவேன். எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

அப்பா சென்னியப்பன். கணபதியில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஆசையாக ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய வாரமே, அலாரம் மாட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். "பழைய வண்டிம்மா, யாரு எடுக்கப் போறா" என்றார். இது ஒரு வாதமா? பழைய வண்டியின் பூட்டு தேய்ந்திருக்கும், திறப்பது சுலபம், பிரித்து விற்றால் பாகங்களுக்குச் சந்தை இருக்கிறது என்று காலைக் காபியில் ஆரம்பித்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எடுத்துச் சொன்னேன். மறுநாள் காலையில் அவரே, "சரிம்மா, மாட்டிரலாம்" என்றார். நியாயத்தைச் சொன்னால் ஏற்றுக்கொள்கிற மனிதர், அதை நான் மறுக்க மாட்டேன்.

மாட்டிவிட்டவர் பெயர் லோகு. அந்த ஆளை நினைத்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. பொட்டலத்தை எங்கள் வண்டி சீட்டிலேயே பிரித்து வைத்து, பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டே டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒயரை உருவினார். விரல் முழுக்கக் குருமா. அதே விரலால் ரெண்டு ஒயரை முறுக்கி, பல்லால் டேப்பைக் கடித்து ஒட்டினார். ஈயம் உருக்கி சால்டர் வைக்க மாட்டீர்களா என்று கேட்டேன். "அம்மிணி, நம்ம முறுக்கு ஆயுசுக்கும் நிக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து ரிமோட்டை டெட்டால் போட்டுத் துடைத்தேன். இன்றைக்கும் அதில் சோம்பு வாசனை அடிக்கிறது.

கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முதலில் ஆம்புலன்ஸ் மாதிரி, பிறகு போலீஸ் ஜீப் மாதிரி, பிறகு கழுத்தைப் பிடித்த கிளி மாதிரி, ஒரே மூச்சில் எல்லாக் குரலிலும் கத்தும். எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்த்தளம்தான் பார்க்கிங். மேலே காங்கிரீட், மூன்று பக்கமும் சுவர். சத்தம் அதற்குள்ளேயே சுழன்று, லிஃப்ட் சந்து வழியாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஏறும்.

நான் மாடியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் அப்பா வண்டிக்குப் பக்கத்தில் நின்று ரிமோட்டை அழுத்தி நிறுத்தியிருப்பார். அவர் சாயங்காலத்தில் நடக்கப் போவார். சர்க்கரைக்கு நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். எப்போது கத்தினாலும் முதல் ஆளாக அங்கே நிற்பார், மூச்சுக்கூட வாங்காது. மில்லில் ஓடியாடி வேலை செய்த உடம்பு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி சுந்தரவடிவேல் என்று ஒருவர். பேசும்போது சுண்டுவிரலால் காதைக் குடைவார். குடைந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டு நம் கையைப் பிடித்துக் குலுக்குவார். சீ, ஞாபகப்படுத்தவே கூடாது. எங்கள் வண்டி கத்துவதைப் போனில் பதிவு செய்து, காலை வணக்கத்தோடு சேர்த்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அப்புறம் வீட்டுக்கே வந்தார். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போடப் போகிறாராம். கோளாறு பிடித்த வண்டி காம்பவுண்டுக்குள் நிற்கக் கூடாது, வெளியே ரோட்டில், குப்பைத் தொட்டி ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று. அந்தக் குப்பைத் தொட்டியை நீங்கள் பார்க்க வேண்டும். கறிக்கடைக் கழிவு, குழந்தைகளின் டயப்பர், அழுகின தர்ப்பூசணி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு நாலு நாய்.

அவர் போன பிறகு அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். அப்பா எதையும் வேண்டும் என்று கேட்கிறவர் இல்லை. இட்லியா தோசையா என்றால் எது இருக்கோ அது என்பார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு, "எப்படியாச்சும் சரி பண்ணிக் குடு கண்ணு. வண்டி இந்த எடத்துலயே நிக்கட்டும்" என்றார். முகம் ஒரு மாதிரி இருந்தது. வண்டி மேல் அவ்வளவு பிரியமா என்று ஆச்சரியப்பட்டேன். சரி, நாம் இருக்கிறோம் என்று இறங்கினேன்.

முதலில் பேட்டரி. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடுத்து பானட்டைத் திறந்தேன். அக்கா, அதற்குள் எலி ஒரு குடித்தனமே வைத்திருந்தது. தேங்காய் நார், பிஸ்கட் உறை, எதிர்வீட்டுப் பாப்பாவின் ஒற்றை சாக்ஸ், அப்புறம் கறுப்பு அரிசி மாதிரிப் புழுக்கை, பிடிப் பிடியாக. சைரனுக்குப் போகும் ஒயரின் தோலைக் கடித்து வைத்திருந்தது. மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் சுரண்டி எடுத்து, ஒயரை மாற்றினேன். மறுநாளும் கத்தியது.

அடுத்து பானட் சுவிட்ச். பானட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பெட்டிக்குச் சொல்கிற சின்னக் குமிழ் அது. ஆயுத பூஜைக்கு அம்மா வண்டியில் கண்ட இடத்திலெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாள் அல்லவா, அந்தக் குமிழின் தலையிலும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். காய்ந்து கல்லாகி, அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பார்க்கவே சொறி மாதிரி இருந்தது. இதுதான் என்று நினைத்தேன். சுரண்டித் துடைத்தேன். அம்மாவிடம் ஒரு மணி நேரம் மூடநம்பிக்கை பற்றிப் பேசினேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள். மறுநாளும் கத்தியது.

லோகுவிடம் போனேன். வண்டியின் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். எலக்ட்ரிக் கோளாறுக்கு எலுமிச்சம்பழம். அவரிடம் நான் பேசியதைக் கேட்டு, பக்கத்துக் கடையில் ஹெல்மெட் வாங்க வந்தவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கடைசியில் அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அந்த வாதத்தில் எனக்கு வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும்.

லாலி ரோடு வந்துவிட்டதா. பாருங்கள் அந்த ஆளை, ஜன்னல் வழியாகத் துப்புகிறார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டாமா? எல்லாம் பின்சீட்டுக்குத்தான் வரும். கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

எங்கே விட்டேன். ஆமாம், நான் அறிவியல் படிக்கிறவள், கண்டபடி தேடக் கூடாது, எப்போது கத்துகிறது என்று கவனிக்கலாம் என்று முடிவு செய்தேன். கவனித்தால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான். நான் வகுப்பு முடிந்து வந்து, முகம் கழுவி, ஹாலில் நின்று பட்டிமன்றப் பயிற்சியை ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கீழே கத்தும். என் எத்தனை நல்ல முத்தாய்ப்பை அது கெடுத்திருக்கிறது தெரியுமா. முன்பெல்லாம் அந்தப் பயிற்சிக்கு அப்பாதான் நடுவர். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ரெண்டு அணிக்கும் நானே பேசுவேன், அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ரெண்டு பக்கமும் சரிதாம்மா என்பார். அதெப்படி ரெண்டும் சரியாகும், காரணம் சொல்லுங்கள் என்று கேட்பேன். யோசிப்பார். நான் எடுத்துக் கொடுப்பேன். நல்ல பொழுதாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த டாக்டர் நடக்கச் சொல்கிற வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கத்துவதில்லை. அன்றைக்கு எனக்கு எங்கள் அணியோடு வெளியே பயிற்சி இருக்கும். போட்டிக்காக நான் சேலத்தில் இருந்த வாரம் முழுக்க ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்று அம்மா சொன்னாள். விசாரித்ததில் அந்த வாரம் இங்கே மழை இல்லை. ஈரப்பதம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, ஒயர் இணைப்பு எல்லாவற்றிலும் சிலிகான் பூசினேன். கையெல்லாம் புளித்த வாடை, மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பூசி முடித்த சாயங்காலமே கத்தியது.

அப்புறம் அதிர்வு சென்சார். வண்டியை யாராவது தொட்டால், அசைத்தால், பெட்டிக்குச் சொல்வது அதுதான். அதைத் திருகிக் குறைத்தேன். எட்டி உதைத்தாலொழியக் கத்தக் கூடாது, அந்த அளவுக்கு. அப்போது ஒரு வினோதம் நடந்தது. கத்துவது நிற்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரம் தள்ளிப் போயிற்று. ஆறேகாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது ஏழேகாலுக்குக் கத்தியது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதற்கு விளக்கம் இல்லை. அப்பா மட்டும், "பரவால்லம்மா, இதுவே போதும். இப்படியே இருக்கட்டும்" என்றார். பாதி சரியானதில் திருப்திப்படுகிற இந்தக் குணம்தான் நம் ஜனங்களைக் கெடுத்தது என்று அவருக்கு விளக்கினேன்.

கண்டுபிடித்தது நான்தான். ஒரு மத்தியானம், செக்ரட்டரி கண்ணில் படாமல் டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர்களைப் பார்க்கலாம் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் வண்டிக் கதவு அறைந்து சாத்தினால்தான் சாத்தும். வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை, சும்மா இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நாலு கதவும் டக்கென்று தானாகப் பூட்டிக்கொண்டன. சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நான் உள்ளே இருக்கிறேன், அலாரம் காவலுக்கு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான் அக்கா, எளிமையாகச் சொல்கிறேன். ரிமோட்டை அழுத்தித் திறக்கிறீர்கள். அரை நிமிஷத்துக்குள் எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால், கை தவறி அழுத்திவிட்டார்கள் போல என்று அந்தப் பெட்டி மறுபடியும் பூட்டிக்கொள்ளும். கதவு திறந்ததைப் பெட்டிக்குச் சொல்வது கதவிலிருந்து வருகிற ஒரு ஒயர். டிரைவர் கதவுக்கான அந்த ஒயரை லோகு முறுக்கவே இல்லை. நுனியில் டேப் ஒட்டி அப்படியே தொங்கவிட்டிருந்தார். பரோட்டா தீர்ந்துவிட்டதுபோல. ஆக, டிரைவர் பக்கமாக ஒருவர் ஏறி உட்கார்ந்தால் அது வண்டிக்குத் தெரியவே தெரியாது. ஏறியதும் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணினால் பிரச்சினை இல்லை, பெட்டி அடங்கிவிடும். எங்கள் வீட்டில் யார் ஏறினாலும் உடனே ஸ்டார்ட் பண்ணிவிடுவோம். ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தால்தான் வினை. அசைந்தால் கத்தும். சென்சாரைக் குறைத்த பிறகு, இறங்கிக் கதவை அறைந்து சாத்தும்போது கத்தும்.

அப்படியானால் யாரோ தினமும் எங்கள் வண்டிக்குள் ஏறிப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. யாரோ ஒருவனுடைய வேர்வையின் மேல் நாம் உட்கார்ந்து கோயிலுக்குப் போயிருக்கிறோமே என்று.

அன்று சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கொசு பிடுங்கி எடுத்தது. ஆறு மணிக்கு அப்பா வந்தார். நடக்கப் போகிறார் என்று நினைத்தேன். கேட் பக்கம் போகவில்லை. ரிமோட்டை அழுத்தினார். ஏறினார். கதவைச் சாத்தினார். செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். கையை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். போன் பார்க்கவில்லை, பாட்டுப் போடவில்லை, தூங்கவும் இல்லை. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கிறது, உள்ளே வெந்துபோகும். எதிரே சுவர். தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தவும் என்று எழுதியிருக்கும், வேறொன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம். இறங்கினார், கதவை அறைந்தார், கத்தியது, அவசரமே இல்லாமல் ரிமோட்டை அழுத்தினார்.

மேலே வந்ததும், எங்கே போனீர்கள் என்று கேட்டேன். "நடந்துட்டு வந்தேம்மா." முகத்துக்கு நேராக. எனக்கு அந்தப் பொய்தான் அருவருப்பாக இருந்தது. எலிப் புழுக்கையை நான் கையால் அள்ளினேனே, அது இவ்வளவு நாறவில்லை.

அந்த ஒயரை அன்றைக்கே சேர்த்திருக்கலாம் என்கிறீர்களா? எப்படிச் சேர்ப்பது, சாட்சியை யாராவது அழிப்பார்களா? அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கிலேயே கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ வைத்து, எல்லா வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். செக்ரட்டரி தீர்மானத்தை வாசித்தார். நான் எழுந்தேன். வண்டியில் கோளாறே இல்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது, உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கும்போது கத்துகிறது, அந்த ஆள் எங்கள் அப்பா என்றேன். ஆதாரம் இல்லாமல் பேசினால் எடுபடாது அல்லவா, அதனால், "அப்பா, நீங்க டெய்லி உட்கார்ற மாதிரி உட்காருங்க" என்று ரிமோட்டைக் கொடுத்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அவளுக்கு எப்போதும் கூட்டம் என்றால் கூச்சம்.

அப்பா எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். எல்லோரும் டீ டம்ளரோடு வண்டியைச் சுற்றி வந்து நின்று கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். டக்கென்று பூட்டிக்கொண்டது. பார்த்தீர்களா என்றேன். சிவப்பு விளக்கைக் காட்டினேன். இப்போது அவர் அசைந்தால் போதும். கூட்டத்துக்காக சென்சாரைப் பழையபடி கூட்டி வைத்திருந்தேன். கண்ணாடியில் வாயை வைத்து, "அசையுங்கப்பா" என்றேன்.

அப்பா அசையவில்லை. நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுபடியும் சொன்னேன். அப்போது ஒரு கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, மெல்லக் கீழே இறக்கினார். மில் சைகை அது. அங்கே மெஷின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை வைத்திருப்பார்கள். அந்தச் சைகை மெஷினை நிறுத்து என்பதற்கு என்று அம்மா பிற்பாடு சொன்னாள். எந்த மெஷின்? அங்கே எந்த மெஷினும் ஓடவில்லையே. "கேட்கலப்பா, வாயால சொல்லுங்க" என்றேன். கடைசியில் நானே பானட்டில் ஓங்கித் தட்டினேன்.

கத்தியது பாருங்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். செக்ரட்டரி அன்றைக்குத்தான் ரெண்டு காதிலும் ஒரே சமயத்தில் விரலை விட்டார். அப்பா மட்டும் உள்ளே காதைப் பொத்தவில்லை. அப்படியே இருந்தார், பிறகு ரிமோட்டை அழுத்தினார்.

இறங்கியதும் செக்ரட்டரி, "ஏனுங் சார், வூட்ல சோபா இல்லீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். "சும்மாதானுங்க உக்காந்திருந்தேன்" என்றார்.

சும்மா. நீங்களே சொல்லுங்கள் அக்கா, சும்மா என்பது ஒரு காரணமா? இந்த ஊரில் எதைக் கேட்டாலும் சும்மா. சும்மா வந்தேன், சும்மா நின்றேன், சும்மா சொன்னேன். பட்டிமன்றத்தில் ஒருவர் எழுந்து, நடுவர் அவர்களே, நான் சும்மாதான் இந்தக் கட்சியில் பேசுகிறேன் என்றால் விடுவார்களா? எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் தீர்மானம் தோற்றது. வண்டி அங்கேயே நிற்கலாம் என்று முடிவாயிற்று. இரண்டாம் மாடி மாமி, நீயே செக்ரட்டரியா வந்துருடி என்றார்கள்.

அன்று மத்தியானமே அந்த ஒயரை நல்லபடியாக சால்டர் வைத்துச் சேர்த்தேன். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், இனிமேல் நீங்கள் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம், வண்டிக்கு உங்களைத் தெரியும், கத்தவே கத்தாது என்று. "சரிம்மா" என்றார். சாவியை ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. டேஷ்போர்டு மேலே தூசி படிந்து கிடக்கிறது. போராடி இடத்தை வாங்கிக் கொடுத்தது யாருக்காக?

அதற்குப் பதிலாக இப்போது சாயங்காலமானால் ஆளையே காணோம். கேட்டால் நடை. நடப்பவருக்குச் சட்டை கசங்காது, செருப்பு தேயும். இவருக்குச் செருப்பு புதிதாகவே இருக்கிறது, சட்டையின் முதுகுதான் கசங்கியிருக்கிறது. இன்றைக்குக் கடைசி வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து, வீட்டு வாசலிலிருந்தே அவர் பின்னால் வந்தேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட், ஜன்னலோரம், வெளுத்த நீலச் சட்டை. அவர்தான். அப்படி எட்டிப் பார்க்காதீர்கள், திரும்பிவிடப் போகிறார். திரும்ப மாட்டார் என்கிறீர்களா? அதுவும் சரிதான், காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

மருதமலைக்கு எதற்குப் போகிறார்? சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அங்கே சொந்தக்காரர் யாரும் இல்லை. எங்கள் தெருக்காரர் ஒருவர் போன வாரம் அடிவாரத்தில் பார்த்தாராம். பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லையாம். உட்கார்ந்த சீட்டிலேயே உட்கார்ந்து, திரும்புகிற டிக்கெட்டை வாங்கிக்கொண்டாராம். இதற்கு என்ன அர்த்தம்?

வடவள்ளி தாண்டிவிட்டோம். அடிவாரம் வந்ததும், கூட்டம் இறங்குவதற்கு முன்னால் நேராக எழுந்து போய், எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறேன். தனியாகக் கேட்டால் நடந்துட்டு வந்தேம்மா என்பார். நாலு பேருக்கு எதிரில் பொய் சொல்ல அவருக்கு வராது, கூட்டத்திலேயே பார்த்துவிட்டேன். கேள்வியெல்லாம் தயாராக இருக்கிறது. வண்டியில் என்ன குறை, வீட்டில் என்ன குறை, எதிலிருந்து தப்பித்து ஓடுகிறீர்கள். வரிசையாக.

என்ன கேட்டீர்கள்? வீட்டில் சத்தமா? நீங்களுமா அக்கா. ஸ்பின்னிங் மில்லில் வாழ்நாளைக் கழித்தவர் அவர். ஒரு ஹால் முழுக்க மெஷின் ஓடும், பக்கத்தில் இருப்பவர் இருமினால்கூடக் கேட்காது. அந்த இரைச்சலைத் தாங்கிய காதுக்கு வீட்டுப் பேச்சு ஒரு சத்தமா? பழகியவருக்கு இரைச்சல் இல்லாவிட்டால்தான் கஷ்டமாக இருக்கும். அதனால்தான் நான் அவரைச் சும்மா உட்கார விடுவதே இல்லை, ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். உங்கள் வாதத்தில் அடிப்படையே தப்பு. இன்னொரு கோணத்தில் வேண்டுமானால் சொல்கிறேன், கேளுங்கள்.

அதோ எங்கள் பல்கலைக்கழகம், அந்த வாசல் வளைவு. பார்த்தீர்களா? ஏன் எழுந்துவிட்டீர்கள்? மலை இன்னும் வரவில்லையே. முன்னாலா? அங்கே அப்பாவுக்குப் பக்கத்தில்தான் காலி. அது சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட், தூக்கித் தூக்கிப் போடும். இங்கேதான் காற்று வருகிறதே. நான் வேண்டுமானால் நகர்ந்து உட்காருகிறேன். பையாவது இருக்கட்டும், நான் வைத்துக்கொள்கிறேன். எதற்காக இப்போது போய் இடம் மாறுகிறீர்கள், காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

என்ன? எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

சும்மாவா?